அந்த அம்மா மூடாத சாளரம்

எந்த அகப்பக்கத்தைத் திறந்தாலும் என் கண் இப்போதெல்லாம் வலது மேல் மூலைக்குத்தான் ஓடுகிறது. அங்கே ஒரு பெருக்கல் குறி இருக்கிறதா, எவ்வளவு பெரியது, விரல் வைத்தால் படுமா என்று பார்க்கிறேன். வங்கிப் பக்கமாக இருந்தாலும் சரி, கண் மருத்துவரிடம் முன்பதிவு செய்யும் பக்கமாக இருந்தாலும் சரி, வந்த வேலையை மறந்துவிட்டு அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "என்னங்க, நம்பர் எடுத்தாச்சா இல்லையா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் நிதானத்துக்கு வருகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாய், தன் பிள்ளையைப் புதைத்த இடத்தை இழந்தார். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு மிதக்கும் சாளரம். தவறு தன்னுடையது என்று அவர் நினைத்து என்னைப் பார்த்துக் கேட்டபோது, என்னுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒரு சொல்லில் பொய் சொன்னேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். என் தகப்பனார் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். படிப்பு வந்ததால் என்னை ஈப்போவில் சேர்த்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை கோடு போட்டேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. கணினியில் அகப்பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு சேலைக் கடைக்குச் செய்து கொடுத்தேன். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, ஓர் அச்சகத்துக்கு என்று வேலை வந்தது.

சேலைக் கடைக்காரருக்குத்தான் முதன்முதலில் மிதக்கும் சாளரம் செய்தேன். பக்கத்தைத் திறந்ததும் பின்னால் இருப்பதெல்லாம் சாம்பல் நிறமாக மங்கிப்போகும். நடுவில் ஒரு பெட்டி மிதந்து வந்து நிற்கும். அதைப் பார்த்து முடித்து மூடினால்தான் பக்கத்தைத் தொடலாம். பாப்-அப் என்றால் எல்லாருக்கும் புரியும். கடைக்காரருக்கு அது மிகவும் பிடித்தது. "யாரும் தப்பிச்சுப் போக முடியாதுல்ல?" என்றார். முடியாது என்றேன். அதோடு நிற்கவில்லை. மூடும் குறியை வேண்டுமென்றே சின்னதாக்கி, பின்புலத்தின் நிறத்திலேயே வைத்தேன். மூடப்போகிறவர்களின் விரல் தவறி விளம்பரத்தில் பட்டு, அவர்கள் சேலைப் பக்கத்துக்குப் போனார்கள். அது ஏமாற்று வேலை என்று எனக்கு அப்போதே தெரியும். திறமை என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

பிறகு எங்கள் தோட்டத்துக் கோயிலின் வேலை வந்தது. தோட்டம் என்று நான் சொல்வது பழக்கத்தில்தான். கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஆள்கள் ஈப்போவுக்கும் சிலிம் ரிவருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது அம்மன் கோயிலும், அதற்குப் பின்னால் செம்பனைக்குள் இருந்த புதைகாடும். தாப்பாவைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். தீபாவளிக்கு முதல் நாள், தங்கள் ஆளைப் புதைத்த இடத்தில் பாலும் பலகாரமும் வைத்துக் கும்பிட வருவார்கள். மற்ற நாள்களில் அர்ச்சகரும் நாய்களும்தான்.

கோயிலுக்கு முன்பு ஒரு வாட்சாப் குழு இருந்தது. நிர்வாகத் தேர்தலில் அதற்குள் பெரிய சண்டை மூண்டது. யாரோ யாருடைய பரம்பரையையோ இழுக்க, கோயில் தலைவர் குழுவையே கலைத்துவிட்டார். "இனிமே எல்லாம் அகப்பக்கத்துலதான். நாம சொல்லுவோம், அவனுங்க படிப்பானுங்க, எவனும் பதில் எழுத முடியாது" என்றார். என்னைக் கூப்பிட்டார். நான் போனேன்.

பக்கம் அழகாகத்தான் வந்தது. முகப்பு முழுக்க அம்மன். வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சகர் அலங்காரத்தைப் படம் பிடித்து அனுப்புவார், நான் ஏற்றுவேன். அதற்காகவே வயதானவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைப்பேசியில் பக்கத்தைத் திறப்பார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவருக்கு ஓர் ஆசை இருந்தது. பண்டிகைக்கு அவர் கைகூப்பி நிற்கும் படத்தோடு வாழ்த்து வர வேண்டும்; அதுவும் எல்லார் கண்ணிலும் படும்படி வர வேண்டும். மிதக்கும் சாளரத்தைக் காட்டினேன். "இதுதான் அண்ணே, இதுதான்" என்றார். புத்தாண்டுக்கு வந்தார். பொங்கலுக்கு வந்தார். தைப்பூசத்துக்கு மாலையோடு வந்தார். வயதானவர்களுக்கு என்பதால் மூடும் குறியை இந்த முறை பெரிதாக வைத்தேன்.

அந்தச் சித்திரைத் திருவிழாவில், அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர்தான் இந்த அம்மா. எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் பால் வெட்டியவர். கணவர் இறந்த பிறகு ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். ஒரே மகள் சிலிம் ரிவரில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒரு கம்ப்ளெயின் இருக்கு" என்றார். கையில் சோப்பு நுரை. "அம்மன் மொகத்தப் பாக்கலாம்னு தொறந்தா, தலைவரு கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு."

"அம்மனுக்கு முன்னால அவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் உள்ள போகணும் போலருக்குலா" என்றார் இன்னொருவர்.

"ஒவ்வொரு தடவையும் அவரு கும்புடுறாரு, ஒவ்வொரு தடவையும் நா மூடுறேன். பாவமா இருக்கு மனுசன். ஒரு தடவ மூடினா போயிருற மாதிரி செய்ய முடியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செய்கிறேன் என்றேன். அன்றே செய்தேன்.

அது சின்ன வேலை. ஒருவர் சாளரத்தை மூடியதும் அவருடைய கைப்பேசியிலேயே ஓர் அடையாளம் விழும்படி வைத்தேன். குக்கீ என்பார்கள். அடுத்த முறை பக்கம் திறக்கும்போது, அந்த அடையாளம் இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். இருந்தால் சாளரத்தை எழுப்பாது. அடையாளத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எத்தனை நாள் அழியாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஓராண்டு என்று சொன்னேன். சில வாரங்கள் கழித்து ஈப்போ சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "இப்ப நல்லா இருக்குண்ணே. ஒரே தடவதான் மூடினேன். அப்புறம் வரவே இல்ல. நேரா அம்மன்தான்" என்றார். கீரைக் கட்டோடு நின்று பெருமைப்பட்டேன்.

ஆண்டின் நடுவில் நிலத்தை வாங்கியிருந்த வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து ஆள் வந்தார். கோயில் இருக்கும், புதைகாடு போகும் என்று முடிவாகியிருந்தது. உறவினர்கள் குறித்த நாளுக்குள் வந்து சொன்னால், அவர்கள் முன்னிலையில் எலும்பெடுத்துக் கொடுப்பார்கள். கடலில் கரைக்கலாம், வேறிடத்தில் புதைக்கலாம். உரிமை கோராதவற்றையெல்லாம் தாப்பா பக்கம் ஒரு பொது மயானத்தில் ஒரே குழியில் வைத்துவிடுவார்கள். நாளிதழில் சின்னதாக ஓர் அறிவிப்பு வந்தது. தோட்டத்து முகப்பில் மலாய் மொழியில் ஒரு பலகை நட்டார்கள். தலைவர் என்னிடம், "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு நம்ம பக்கத்துல போட்டுருங்க. பெருசா" என்றார்.

போட்டேன். முகப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அம்மன் படத்துக்கு மேல் கறுப்பு எழுத்தில் புதைகாட்டு அறிவிப்பை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அழகு கெட்டுவிடும் என்று நினைத்தேன். அதோடு, மிதக்கும் சாளரம் இருக்கும்போது வேறெதற்கு? யாரும் தப்ப முடியாத இடம் அதுதானே? தலைவர் படத்தை எடுத்துவிட்டு அறிவிப்பை வைத்தேன். நாள், தொலைபேசி எண், எல்லாம் பெரிய எழுத்தில். திறந்து பார்த்தேன், வந்தது. மறுபடி பார்த்தேன், வந்தது. நான் சோதிப்பது எப்போதும் எந்த அடையாளமும் தங்காத தனி உலாவியில். தொழில் பழக்கம். அதனால் எனக்கு எப்போதும் வரும்.

அடையாளத்தின் பெயரை மாற்றவில்லை.

புதிய செய்திக்குப் புதிய பெயர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், பழைய வாழ்த்தை மூடியவர்களின் கைப்பேசி, இவர் இதைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும். எந்தத் தொடக்கப் பாடத்திலும் இருக்கும் விஷயம். எனக்குத் தெரிந்த விஷயம். படத்தை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். ஆக, கோயில் பக்கத்தை என்றுமே திறக்காதவர்கள் திறந்தால் அறிவிப்பு வரும். வெள்ளிக்கிழமைதோறும் திறக்கிறவர்களுக்கு வராது.

எலும்பெடுத்த நாளில் நானும் அங்கே நின்றேன். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார்கள், ஜொகூரிலிருந்து வந்திருந்தார்கள். யாரோ சொல்லி, கூகுளில் தேடி, பக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பாலும் வாழை இலையும் மண் கலயமும் வெள்ளைத் துணியுமாக வெயிலில் நின்றார்கள். ஈப்போ ஆள்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள்.

"தூரத்துல இருக்கறவன் வந்துட்டான். பக்கத்துல இருக்கறவனக் காணோம்" என்றார் தலைவர். "நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் வாயிலதான்."

"இதுக்கு மேல எப்படிச் சொல்றது?" என்றேன் நான். அப்படித்தான் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

மாலையில், யாரும் வராத இடங்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு சின்ன மேட்டைச் சுற்றிப் பழைய மங்குகளைக் கவிழ்த்து வேலிபோல் பதித்திருந்தார்கள். மங்கு என்றால் கித்தாப்பால் பிடிக்கும் கோப்பை. வேலையாள் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, செம்பனை மரத்தடியில் குவித்தார். அழகாகப் பதித்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

தீபாவளி நெருங்கியது. தலைவர் புதிய பட்டு வேட்டியில் படம் பிடித்து அனுப்பினார். ஏற்றினேன். மறுநாள் காலையில் அழைத்தார்.

"அண்ணே, என் படம் வரலையே."

"வருதே தலைவரே. இப்பத்தான் பார்த்தேன்."

"எனக்கு வரல. என் வீட்டுக்காரிக்கு வரல. என் மச்சானுக்கும் வரல. நேரா அம்மன்தான் வருது."

மனைவியின் கைப்பேசியை வாங்கித் திறந்தேன். அம்மன் வந்தது. வேறெதுவும் வரவில்லை. மூடித் திறந்தேன். வரவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து நிரலைத் திறந்து, அந்தப் பெயரைப் பார்த்தேன். சித்திரையில் நான் வைத்த அதே பெயர். தலைவரின் பட்டு வேட்டியைப் பற்றி நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. என் நினைவு புதைகாட்டு அறிவிப்பின் மேல்தான் போய் விழுந்தது. அதற்கும் இதே பெயர். அப்படியானால் மனைவியின் கைப்பேசியிலும் அது வந்திருக்காது.

"அந்தப் புதைகாட்டு அறிவிப்பு உனக்கு வந்துச்சா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எது? நீங்க வாயில சொன்னீங்க. பக்கத்துல நா பாக்கல. ஏன்?"

"சும்மாதான்."

தலைவரிடம் சர்வரில் கோளாறு என்று சொன்னேன். பெயரை மாற்றினேன். பட்டு வேட்டி எல்லாருக்கும் வந்தது. ஒன்றும் நடக்காதது போல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். யாருக்கும் பாதிப்பு இல்லை, வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்கள், வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். தொலைக்காட்சியைப் போட்டேன், அணைத்தேன். சாப்பிட உட்கார்ந்து, பாதியில் எழுந்து, மறுபடி நிரலைப் பார்த்தேன். எத்தனை முறை பார்த்தாலும் அதே இடத்தில் அதே பிழை.

தீபாவளிக்கு முதல் நாள் கோயிலுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா கோயிலுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் பிளாஸ்டிக் கூடை. பால் போத்தல், முறுக்கு, ஒரு சின்னச் சட்டை. செருப்பு முழுக்கச் செம்மண். தலைவரும் நானும் அலுவலக வாசலில் நின்றிருந்தோம்.

"அண்ணே, அங்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் சமமா தள்ளியிருக்கு. என் புள்ளயோட எடம் எங்க?"

அவருக்கு ஒரு மகன் பிறந்து, தவழும் வயதில் காய்ச்சலில் போனதை நான் அறிவேன். அவனை அங்கே புதைத்தது எனக்குத் தெரியாது.

"எடுத்தாச்சேம்மா" என்றார் தலைவர். "பக்கத்துல போட்டிருந்தோமே. நீ பாக்கலையா?"

"என்ன போட்டீங்க?"

தலைவர் விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் கை கூடைக்குள் போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"வெள்ளிக்கெழம தவறாம பாக்குறேன். ஒண்ணும் வரலையேண்ணே."

"வந்திருக்கும். என் மூஞ்சின்னு நெனச்சு மூடியிருப்ப. நீங்கல்லாம் அதானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க?" தலைவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "வந்திருக்குமாண்ணே? ஒங்களுக்குத்தானே தெரியும்."

"வந்திருக்கும்" என்றேன்.

"அப்ப நாந்தான் மூடிட்டேன்." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "என்னான்னு பாக்காம மூடிட்டேன். பழகிப்போச்சு இந்தக் கை."

கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் பின்னால் போனார். வெறும் மண்ணில் எங்காவது வைத்துக் கும்பிட்டிருப்பார். நான் பார்க்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சிம்பாங் பூலாய் வந்ததும், வீட்டுக்குப் போகும் பாதையை விட்டுவிட்டு, காரணமில்லாமல் கேமரன் மலைக்குப் போகும் சாலையில் ஏறினேன். பாதி மலை வரை போய்த் திரும்பி வந்தேன். தீபாவளியன்று வீட்டுக்கு வந்தவர்களிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை அவருடைய அடுக்குமாடிக்குக் கீழே போய்க் காரை நிறுத்தியிருக்கிறேன். ஒரு முறை மின்தூக்கி வரை போனேன். கதவு திறந்தது, உள்ளே ஆள் இருந்தார், மரியாதைக்குச் சிரித்தேன், திரும்பி நடந்தேன். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு, அது வருவதற்குள் எழுந்துவிட்டேன். பிழையை ஒப்புக்கொள்வது அவமானம். "வந்திருக்கும்" என்று சொன்னதை ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரிய அவமானம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிட வழியுண்டா என்றுதான் என் படித்த மூளை ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மனைவி சந்தையிலிருந்து வந்து காய்கறியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தக்காவப் பாத்தேங்க. ஆளே பாதியாப் போயிட்டாங்க. மக பேசறதில்லையாம்."

"எதுக்கு?"

"தம்பியத் தூக்கிக் குழியில போடுறவரைக்கும் ஹேண்ட்போனத் தடவிக்கிட்டு இருந்தியான்னு கேட்டுச்சாம் அந்தப் புள்ள. தீபாவளிக்கும் வரலையாம். இவங்க போன் போட்டா எடுக்கிறதில்லையாம். ‘என் மேலதான் தப்பு, அது கோவப்படறது நியாயந்தான்’னு சொல்லி அழுவுறாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் நிக்கிறீங்க? ஒக்காருங்களேன். கொஞ்ச நாளா இப்படித்தான் அலையுறீங்க."

சொல்லிவிட்டேன். பெயரை மாற்றாததையும், வந்திருக்கும் என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவள் கையில் வெண்டைக்காயோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது?" என்றாள். மறுபடி காய்கறியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் தலைவரை அழைத்துச் சொன்னேன். "அண்ணே, முடிஞ்சது முடிஞ்சு போச்சுலா. இப்பக் கிண்டினா நாறிரும். இன்னும் எத்தன பேரு கிளம்புவான் தெரியுமா?" என்றார். அதற்காகவும்தான் சொல்கிறேன் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். இந்த முறை மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். படியில் ஏறினேன். மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்தவர், "அண்ணே, வாங்க வாங்க. என்னா இப்படி வேர்த்திருக்கு?" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். தண்ணீர் கொண்டுவரப் போனவரைத் தடுத்தேன். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றுகொண்டே சொன்னேன்.

"நீங்க மூடலம்மா. அந்த அறிவிப்பு உங்க ஹேண்ட்போன்ல வரவே இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"திருவிழாவுல கேட்டீங்களே, ஒரு தடவை மூடினா திரும்ப வரக்கூடாதுன்னு. அப்படிச் செஞ்சு வச்சேன். அப்புறம் இந்த அறிவிப்பைப் போடும்போது, அதை மாத்தி வச்சிருக்கணும். நான் மாத்தல. தலைவர் படத்தை மூடின யாருக்குமே அது வரல. உங்களுக்கும் வரல."

"நா மூடலையா?"

"இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"நீங்க மூடல. உங்க கண்ணுக்கே அது வரல. தப்பு என்னுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"அன்னிக்குக் கோயில்ல கேட்டேனே. ஒங்க மொகத்தப் பாத்துத்தானே கேட்டேன். அப்ப ஒங்களுக்குத் தெரியாதா?"

வரும் வழியெல்லாம் நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். தெரியாது என்று சொல்ல அந்த நேரத்திலும் வாய் வந்தது.

"தெரியும்" என்றேன். "அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாலதான் கண்டுபிடிச்சேன். தெரிஞ்சேதான் வந்திருக்கும்னு சொன்னேன்."

"ஏண்ணே?"

"பயம்மா. பேர் கெட்டுப்போகும்னு பயம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்து, ஓர் எண்ணைத் தொட்டு, என்னிடம் நீட்டினார். "நா போட்டா எடுக்க மாட்டா. ஒங்க போன்ல போட்டு, நீங்களே சொல்லுங்க. இப்ப எனக்குச் சொன்னீங்களே, அப்படியே. ஒரு வார்த்தையும் விடாம."

என் கைப்பேசியில் அந்த எண்ணை அழுத்தினேன். மகள் எடுத்தாள். யார் என்று சொன்னேன். "சொல்லுங்க அங்கிள்" என்றாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அந்த அம்மா சைகை காட்டினார். போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசலில் சொன்ன பொய்யையும் சொன்னேன். நடுவில் அவள் யாரையோ, "வெளிய போய் வெளாடுங்க" என்று விரட்டினாள்.

"அங்கிள், நா எங்கம்மாவ என்னென்ன கேட்டேன் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஒங்களுக்குத் தெரியாது" என்றாள். "தெரிஞ்சிருந்தா இத்தன நாளு சும்மா இருந்திருக்க மாட்டீங்க." பிறகு, "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள்.

அந்த அம்மா கைப்பேசியை வாங்கி, ஒலிபெருக்கியை அணைக்கத் தெரியாமல், அப்படியே காதில் வைத்துக்கொண்டார். அதனால் நானும் கேட்டேன்.

"ம்மா."

"ம்."

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்லடி. இப்பத்தான் அண்ணன் வந்தாரு."

அழுகையா பேச்சா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று இரண்டு பக்கமும் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. கிளம்பினால் தப்பிப்பது போலாகும். இருந்தால் மன்னிப்புக்குக் காத்திருப்பது போலாகும். கால் மாற்றி மாற்றி நின்றேன்.

அவர் பேசி முடித்துக் கைப்பேசியை என்னிடம் தந்தார். முகத்தை முந்தானையால் துடைத்தார்.

"அவ ஒண்ணு கேக்குறா. நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அந்தப் பொதுக் குழியில சின்னப் புள்ளங்கள எப்படி வச்சாங்க? பெரியவங்களோடயா, தனியா ஒரு பக்கமா?"

அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. யாரும் வராத மேடுகளைத் தோண்ட ஆரம்பித்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியவன் நான்.

"தெரியலம்மா."

"தோண்டுன ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கலாம். அந்தக் கம்பெனி ஆளைப் பிடிச்சுக் கேட்டாத்தான் தெரியும்."

"அவன் சுத்தி மங்கு வச்சிருந்தேன். மங்கு வச்ச எடம்னு சொல்லிக் கேளுங்க. அப்பத்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும்."

கேட்கிறேன் என்றேன். என்றைக்கு என்று கேட்டார். நாளைக்கு என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம்கூட ஆகவில்லை.

"இன்னிக்கே போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, யார் இருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் படியில் இறங்கினேன்.